பின்வளவில் ஒரு கிரானி பிளாற்: அம்மாவுக்கு அறை கட்ட அனுமதி வேண்டுமா?

கேள்வி: 11 பெப்ரவரி 2024

காணி என்னுடையது, வங்கிக் கடனைக் கட்டுபவனும் நான்தான். சிட்னியின் மேற்குப் பகுதியில் 610 சதுர மீற்றர் வளவு. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து இருக்கப் போகிறார். பின்னால் நிற்கும் பழைய கராஜைத் திருத்தி, அதற்குள் ஒரு குளியலறையும் சின்னக் குசினியும் வைத்துவிட்டால் போதும் என்பது என் எண்ணம். 60 சதுர மீற்றருக்குள் கட்டினால் எந்த அனுமதியும் தேவையில்லை என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். சரிதானே?

குறிப்பு 1: 11 பெப்ரவரி 2024

சரியில்லை, தம்பி. கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்பதும் அனுமதியே வேண்டியதில்லை என்பதும் ஒன்றல்ல. உங்கள் நண்பர்கள் முதலாவதைக் கேள்விப்பட்டு இரண்டாவதாகச் சொல்கிறார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கவுன்சிலுக்கு டிஏ எனப்படும் அபிவிருத்தி விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து, அவர்கள் ஆராய்ந்து முடிவு சொல்லும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது ஒன்று. எழுதி வைத்த அளவுகள் எல்லாவற்றுக்கும் பிளான் பொருந்தினால், பதிவுபெற்ற தனியார் சேர்ட்டிஃபையர் ஒருவரே சிடிசி என்ற சான்றிதழைச் சில வாரங்களில் தந்துவிடுவது மற்றது. இரண்டாவது வழியில் பேரம் பேச இடமில்லை. ஓர் அளவில் பத்துச் சென்ரிமீற்றர் தவறினாலும் முதலாவது வழிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உங்கள் வளவுக்குப் பொருந்தும் அளவுகளைச் சொல்கிறேன். சிடிசிக்குக் காணி குறைந்தது 450 சதுர மீற்றர் இருக்க வேண்டும். வீட்டின் முன்சுவர் நிற்கும் கோட்டில் காணியின் அகலம் 12 மீற்றர் வேண்டும். கிரானி பிளாற்றின், அதாவது அதே வளவில் கட்டும் சிறிய இரண்டாம் வீட்டின், தளப்பரப்பு 60 சதுர மீற்றரைத் தாண்டக்கூடாது. 600 முதல் 900 வரையான காணியில் பெரிய வீடு, கராஜ், கிரானி பிளாற் எல்லாம் சேர்ந்து 380 சதுர மீற்றருக்கு மேற்படக்கூடாது. காணியின் பாதிக்கு மேல் கட்டடம் நிற்கக்கூடாது. கால்பங்கு மண்ணாகவும் செடியாகவும் இருக்க வேண்டும். 3.8 மீற்றர் உயரம் வரையான கட்டடம் பக்க வேலியிலிருந்து 0.9 மீற்றரும் பின்வேலியிலிருந்து 3 மீற்றரும் தள்ளி நிற்க வேண்டும். மேலதிகமாகக் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டியதில்லை. உங்கள் 610 இந்தக் கணக்குக்குள் வசதியாக அடங்கும். ஆனால் பின்வேலியை ஒட்டி நிற்கும் அந்தக் கராஜ் அடங்காது என்றே தோன்றுகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான் 2018இல் மாமிக்காக, அதாவது மனைவியின் தாயாருக்காக, இதே வேலையில் இறங்கினேன். 608 சதுர மீற்றர் வளவு. இனி எழுதப்போவதில் பாதி சட்டம். மீதி நான் பட்டது.

குறிப்பு 2: 13 பெப்ரவரி 2024

எந்தச் சட்டம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் கட்டியபோது அது 2009ஆம் ஆண்டின் மலிவு வாடகை வீட்டுக் கொள்கை. 2021 நவம்பரில் அதை நீக்கி, வீடமைப்புக் கொள்கை 2021 என்பதற்குள் இந்த விதிகளை வைத்துவிட்டார்கள். கிரானி பிளாற் என்ற பெயரைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. அங்கே அதன் பெயர் இரண்டாம்நிலைக் குடியிருப்பு. பழைய பெயரோடு யாராவது உங்களுக்குத் தாள் நீட்டினால், அது 2021இன் முடிவுக்கு முன் அச்செடுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

குறிப்பு 3: 17 பெப்ரவரி 2024

கராஜ் விடயத்துக்கு வருகிறேன்.

கட்டட விதியில் கராஜ் 10ஏ வகுப்பு. மனிதர் வாழும் வீடு 1ஏ வகுப்பு. ஒன்றை மற்றதாக மாற்றுவதற்குச் சுவருக்கு வெள்ளை பூசி, தரைக்கு ஓடு பதித்தால் போதாது. வாழும் அறைகளின் கூரை உட்புறம் 2.4 மீற்றர் உயரம் வேண்டும். குசினிக்கும் குளியலறைக்கும் 2.1 போதும். பழைய கராஜ்களின் சீமெந்துத் தளத்தின் கீழ் பெரும்பாலும் ஈரம் தடுக்கும் விரிப்பு இருப்பதில்லை. கார் ஈரத்தில் நிற்கும், அம்மா நிற்கமாட்டார். வேலிக்கு 90 சென்ரிமீற்றருக்குள் சுவர் வந்தால், அது ஒரு மணிநேரம் தீயைத் தாங்கும் சுவராக இருக்க வேண்டும். பெரிய வீட்டிலிருந்து 1.8 மீற்றருக்குள் கிரானி பிளாற் வந்தாலும் இதே நிபந்தனை எழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, நானும் கவனிக்கவில்லை.

இன்னொன்று அஸ்பெஸ்டஸ். சிட்னியின் மேற்கில் பழைய கராஜ் என்றால் அது பெரும்பாலும் ஃபைப்ரோ எனப்படும் நார்ச்சீமெந்துத் தகடுதான். 1990க்கு முன் கட்டியதென்றால் அஸ்பெஸ்டஸ் உண்டென்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் அதை முழுமையாகத் தடைசெய்தது 2003இன் கடைசி நாளில்தான். 10 சதுர மீற்றருக்கு மேல் அகற்ற உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும். என் கராஜை ஒரு சனிக்கிழமை நானும் மச்சானும் சுத்தியலோடு முடித்துவிடலாம் என்று திட்டமிட்டிருந்தோம். மழை பெய்து எங்களைக் காப்பாற்றியது. அடுத்த வாரம் அளக்க வந்தவர் சுவரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

குறிப்பு 4: 2 மார்ச் 2024

தம்பி பிளான் வரைய ஆளைப் பிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நிறுத்துங்கள். முதலில் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சிட்னியின் பழைய குடியிருப்புகளில் கழிவுநீர்ப் பிரதான குழாய் தெருவோரம் ஓடுவதில்லை. பல இடங்களில் பின்வளவுகளை ஊடறுத்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடுகிறது. நாங்கள் கிரானி பிளாற் கட்ட விரும்பும் இடமும் அதுவே. குழாய் சிட்னி வாட்டருக்குச் சொந்தமானது. அதன் மேலோ அருகிலோ கட்டுவதானால், டாப் இன் என்ற அவர்களுடைய இணையச் சேவையில் பிளானைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். கட்டடத்தின் பாரம் குழாயில் இறங்கும் தூரத்துக்குள் அத்திவாரம் வந்தால், தூண்களைக் குழாயின் ஆழத்துக்குக் கீழே இறக்கச் சொல்வார்கள். அல்லது குழாயைச் சுற்றிக் கொங்கிறீற் உறை போடச் சொல்வார்கள்.

என் வளவில் என்ன நடந்தது என்றால், பில்டர் தந்த விலையில் நிலத்துக்கு மேலுள்ளவை மட்டுமே இருந்தன. நிலத்துக்குக் கீழ் என்ன வந்தாலும் மேலதிகச் செலவு என்ற வரி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பிளான் முடிந்து, மாமிக்குத் திரைச்சீலை நிறம்கூடத் தெரிவான பிறகு, குழாயின் இடத்தைக் குறித்துத் தர வந்தவர் பின்வேலியிலிருந்து 3.4 மீற்றரில், 1.4 மீற்றர் ஆழத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கோடு மாமியின் படுக்கையறைக்கு நடுவே ஓடியது. கட்டடத்தை வீட்டுப் பக்கமாக நகர்த்தினோம். நகர்த்தியதால் வீட்டுக்கும் அதற்குமான இடைவெளி 1.8 மீற்றருக்குக் குறைந்தது; குறைந்ததால் தீச்சுவர் வந்தது; தீச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாமல் குசினி இருண்டது. ஒரு குழாய் நான்கு முறை பிளானைத் திருத்த வைத்தது.

ஆகவே தம்பி, இந்த வரிசையில் செய்யுங்கள். 10.7 என்ற எண்ணுடைய திட்டமிடல் சான்றிதழைக் கவுன்சிலில் வாங்குங்கள். வெள்ள நிலமா, காட்டுத்தீ நிலமா, பாரம்பரியச் சின்னமா என்பது அதில் தெரியும். பிறகு உங்கள் காணிக்கான கழிவுநீர் வரைபடத்தை வாங்குங்கள். அதன் பிறகு நில அளவையாளர். பிளான் வரைபவர் நான்காவது ஆள்.

குறிப்பு 5: 3 மார்ச் 2024

கொங்கிறீற் உறைக்கு எவ்வளவு செலவானது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் உறை போடவில்லை, தூண்களை இறக்கினேன். அதற்கு ஏழாயிரம் டொலருக்குச் சற்று மேல் போனது. அது 2018இன் விலை. மனைவியிடம் ஐயாயிரம் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதியதை அங்கே சொல்லவேண்டாம்.

குறிப்பு 6: 19 மார்ச் 2024

அயலவர் மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு: சிட்னியில் சிடிசி வழங்க முன் 14 நாள் அவகாசத்தோடு, காணியிலிருந்து 20 மீற்றருக்குள் வசிப்பவர்களுக்குச் சேர்ட்டிஃபையர் கடிதம் அனுப்புவார். அவர்களின் ஒப்புதல் கிடைத்த பின்தான் வேலை தொடங்கலாம்.

எங்கள் ஊரில் வேலி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் அரைச் சாண் அங்காலே போகும். அந்த அரைச் சாணுக்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருக்கும். வழக்குப் பேசியே காணி விற்றவர்களும் உண்டு. இங்கே கதியால் இல்லை, உலோகத் தகட்டு வேலிதான். ஆனால் தகட்டு வேலியும் எல்லையில்தான் நிற்கிறது என்று நம்பாதீர்கள். என் வளவில் நில அளவையாளர் ஆணி அடித்தபோது வேலி 12 சென்ரிமீற்றர் என் பக்கமாக நின்றது. 0.9 மீற்றரை வேலியிலிருந்து அல்ல, எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பதால் அது எனக்குச் சாதகமாகவே முடிந்தது. அயலவரான இத்தாலியப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, தான் வேலி போட்டது 1974இல் என்றும் அப்போது அளவுநாடா சுருங்கியிருந்தது என்றும் சொல்லி, ஒரு கூடை தக்காளி தந்தார். வழக்கு அத்தோடு முடிந்தது.

குறிப்பு 7: 20 மார்ச் 2024

நேற்று எழுதியதில் ஒரு பிழை உள்ளது, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அந்த 14 நாள் அறிவித்தல் மட்டுமே. ஒப்புதல் கேட்கும் கடிதம் அல்ல. பிளான் விதிகளுக்குப் பொருந்தினால், அயலவர் விரும்பாத காரணத்துக்காக சிடிசியை மறுக்க முடியாது. வேலை தொடங்க ஏழு நாள் முன் இன்னொரு அறிவித்தல் போகும். கவுன்சிலுக்கு டிஏ போட்டால்தான் அயலவர் ஆட்சேபத்தைக் கணக்கில் எடுப்பார்கள். பெரியவரின் தக்காளியை ஒப்புதலோடு குழப்பிக்கொண்டேன்.

குறிப்பு 8: 7 ஏப்ரல் 2024

இதுவரை எழுதியதை ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தேன். குழாய், வேலி, கூரை, கராஜ் எல்லாம் இருக்கின்றன, மாமி இல்லை. அனுமதிப் பத்திரங்களிலும் அப்படித்தான்.

நிலம் சரிவாக இருந்ததால், பின்பக்கத்தில் தரையை உயர்த்தி அமைத்தார்கள். அதனால் வாசலில் மூன்று படிகள் வந்தன. ஒவ்வொன்றும் 17 சென்ரிமீற்றர். பிளானில் அவை மூன்று சின்னக் கோடுகள். மாமிக்கு அப்போது 74 வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். அந்தக் கோடுகளை நான் பார்த்தேன், மனைவி பார்த்தார், பில்டர் பார்த்தார், சேர்ட்டிஃபையர் முத்திரை குத்தினார். வளவில் 24 சதுர மீற்றர் திறந்த வெளி இருக்க வேண்டும், அது நான்கு மீற்றர் அகலமாக இருக்க வேண்டும், அதன் தரை 50க்கு 1 என்ற அளவுக்கு மேல் சரியக்கூடாது என்று விதி மிகத் தெளிவாகச் சொல்கிறது. முற்றம் எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே பட்டியலில், முற்றத்திலிருந்து வாசலுக்கு ஒரு கிழவி எப்படி ஏறுவார் என்ற கேள்வி இல்லை.

பிறகு சாய்தளம் போட்டேன். சக்கர நாற்காலிக்கான அளவு 14க்கு 1. மூன்று படியின் உயரம் 51 சென்ரிமீற்றர். அதைப் பதினான்கால் பெருக்கினால் ஏழு மீற்றருக்கு மேல் வரும். ஏழு மீற்றர் நேராகப் போட இடமில்லாமல் நடுவில் திருப்பினோம். அனுமதிக்காகப் பாதுகாத்த புல்தரையில் பாதி அதில் போயிற்று.

2022ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதியில், படியில்லாத ஒரு வாசல், தடுப்பு விளிம்பில்லாத குளிக்கும் இடம், பின்னாளில் கைப்பிடி பொருத்தக்கூடிய பலமான குளியலறைச் சுவர் ஆகியவற்றைப் புது வீடுகளுக்குச் சேர்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் அதை ஏற்கவில்லை. ஆகவே உங்கள் பில்டர் தானாகச் செய்யமாட்டார். நீங்கள் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். சுவருக்குள் பலகை வைப்பது கட்டும்போது அற்பச் செலவு. ஓடு பதித்த பிறகு உடைத்து வைப்பது நான் செய்த வேலை.

குறிப்பு 9: 26 மே 2024

மெல்பேர்ணிலிருந்து எழுதிய அக்காவுக்கு: உங்கள் விதி வேறு. விக்டோரியாவில் 2023 டிசம்பரிலிருந்து, 300 சதுர மீற்றரும் அதற்கு மேலும் உள்ள காணிகளில் 60 சதுர மீற்றர் வரையான சிறிய இரண்டாம் வீட்டுக்குப் பெரும்பாலும் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. கட்டட அனுமதி எப்போதும் தேவை. எரிவாயு இணைப்புக் கொடுக்க முடியாது. தோசைக்கல்லை மின்னடுப்புக்கு ஏற்றதாக வாங்கிக்கொள்ளுங்கள். பேர்த்தில் அளவு 70 சதுர மீற்றர். ஒரே நாட்டில் பாட்டிமாருக்கு வெவ்வேறு உடம்பு என்று நினைக்கிறார்கள் போலும்.

குறிப்பு 10: 14 ஜூலை 2024

தம்பி பணத்தைப் பற்றிக் கேட்கிறார். அம்மா ஊரில் காணியை விற்று அந்தக் காசில் கட்டித்தர விரும்புகிறாராம். இது அனுமதியைவிடச் சிக்கலானது.

முதலில், கிரானி பிளாற்றைத் தனியாகப் பிரித்து விற்க முடியாது; நிலம் உங்கள் பெயரில் இருந்தால் கட்டடமும் உங்களுடையதே. அம்மா கொடுத்த காசுக்கு எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், நாளை உங்களுக்கு விவாகரத்தோ கடன் நெருக்கடியோ வந்தால் அவர் வெறுங்கையோடு நிற்பார். பெற்ற பிள்ளையிடம் எழுத்து வாங்குவதா என்று எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஊரில் சீதனக் காணிக்கு உறுதி எழுதாமலா கொடுத்தோம்? 2021 ஜூலை 1 முதல், ஓய்வூதிய வயதை எட்டிய ஒருவரோடு செய்யும் இத்தகைய உடன்படிக்கை எழுத்தில் இருந்து, வியாபார நோக்கம் இல்லாதிருந்தால், அதை ஏற்படுத்துவதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. எழுதாமல் விட்டால் அந்தச் சலுகையும் இல்லை. சட்டத்தரணியிடம் இருவரும் தனித்தனியே போங்கள். அரச உதவித்தொகைகளைத் தரும் சென்ரலிங்கிடம் ஓய்வூதியம் பெறும் பெற்றோருக்கு இதில் வேறு கணக்கும் உண்டு. ஆனால் பத்து வருட வதிவு முடியாத உங்கள் அம்மாவுக்கு அது இப்போதைக்கு எழாது.

பிற்காலத்தில் வாடகைக்கு விடலாமா என்றால், விடலாம். குடும்பத்தினர்தான் இருக்க வேண்டும் என்று இங்கே விதியில்லை. ஆனால் வாடகை வந்த பகுதிக்கு, வீட்டை விற்கும்போது வரிவிலக்குக் குறையும். பிரித்து விற்கும் நோக்கம் இருந்தால் உங்களுக்கு வேண்டியது இரட்டைக் குடியிருப்பு. 2024 ஜூலை முதல், ஆர்2 எனப்படும் குறைந்த அடர்த்திக் குடியிருப்பு வலயங்களில் அதைப் பரவலாக அனுமதித்திருக்கிறார்கள். அது வேறு விதி, வேறு செலவு.

குறிப்பு 11: 8 செப்டெம்பர் 2024

20 வீதம் முன்பணம் கேட்கும் பில்டரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்த மாநிலத்தில் 10 வீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. 20,000 டொலருக்கு மேற்பட்ட வேலைக்கு வீட்டுக் கட்டட இழப்பீட்டுக் காப்புறுதிச் சான்றிதழைக் கையில் தந்த பின்புதான் அந்த 10 வீதத்தையும் தொடலாம். கையெழுத்திட்ட பிறகும் ஐந்து வேலை நாட்களுக்குள் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. சேர்ட்டிஃபையரை நியமிப்பது காணிச் சொந்தக்காரர். பில்டர் தனக்குத் தெரிந்தவரை அனுப்பிவைத்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். நான் மறுக்கவில்லை. அந்த மூன்று படிகளுக்கு முத்திரை குத்தியவர் அவர்தான்.

குறிப்பு 12: 16 பெப்ரவரி 2025

தம்பி ஒரு வருடத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறார். கழிவுநீர்க் குழாய் அவருடைய கராஜின் கீழேயே ஓடுகிறதாம். அத்தோடு, சுற்றுலா விசாவில் இரண்டு மாதம் வந்து தங்கிய அம்மா, பின்வளவில் இருட்டில் தனியே படுக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். இப்போது வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் அலுவலக அறையை அம்மாவின் அறையாக்கி, பக்கத்தில் ஒரு குளியலறை அமைக்கப் போகிறார். உள்வேலைதானே, இதற்கும் அனுமதி வேண்டுமா என்பது அவருடைய புதிய கேள்வி. இருக்கும் குளியலறையை அதே இடத்தில் புதுப்பிப்பதற்கு வேண்டியதில்லை. சுவரை எடுத்து அறையின் அமைப்பை மாற்றினால் அது விலக்குக்குள் வராது, சிடிசி வேண்டும். எடுக்கப்போகும் சுவரில் பாரம் நிற்கிறதா என்று பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பாருங்கள்.

எங்கள் கிரானி பிளாற் என்ன ஆனது என்றும் கேட்டிருந்தார். குடியேறும் சான்றிதழ் 2019 மே மாதத்தில் கிடைத்தது. மாமி அங்கே படுத்தது பதினொரு இரவுகள். பன்னிரண்டாம் இரவு தலையணையோடு வந்து பேத்தியின் அறையில் படுத்தவர் திரும்பிப் போகவில்லை. பகலில் மட்டும் சாய்தளத்தில் மெல்ல ஏறிப் போவார். வீட்டுக்குள் மணக்கக்கூடாது என்று மனைவி தடைசெய்த மீன் பொரியல், கருவாட்டுக் குழம்பு எல்லாம் அந்த இருண்ட குசினியில்தான் நடக்கின்றன. மாலையில் கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு இங்கே வந்துவிடுவார்.